ஆறாம் நம்பர் ரூம் வாசலில் தாசில்தார்

— அங்கனயே நில்லு, முத்துப்பேச்சி. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு எட்டுக்கூட எடுத்து வச்சிராத.

— என் கிடா உள்ள நிக்கிண்ணே. நான் போயிப் பிடிச்சுட்டு வந்துருதேன்.

— அது நிக்கிறது தெரியாமலா வேலைக்கு வந்த சனத்தையெல்லாம் மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் விரட்டி விட்டுட்டு நான் மட்டும் இங்கன காவல் நிக்கேன்? செத்த பொறு. ஓடாத. கையத் தட்டாத. சத்தமாப் பேசாத.

— நீங்க இந்தக் கம்பெனிக்கு போர்மேனு. நீங்க சொன்னாக் கேக்கத்தான் செய்யணும். ஆனா ரத்தினசாமியண்ணே, ஒரு நாட்டுச் செம்மறிக் கிடா வழி தவறி வந்ததுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? புலியா வந்துருக்கு?

— புலி வந்திருந்தாக் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அது கழுத்தைப் பாரு. அதுல இருந்து தரையில கெடக்குறதையும் பாரு.

— சங்கிலி... ஆத்தாடி, முளையோடல்ல புடுங்கிட்டு வந்துருக்கான்!

— முளையோட. ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி. அதைச் சிமிண்டுத் தரையில இழுத்துக்கிட்டே வந்து நடுவுல நிக்குது. ரெண்டு பக்கத்து மேடையிலயும் மணிமருந்து காயுது. பேன்சி வெடிக்குள்ள போடுற உருண்டை. விடியக்காலம் பரப்புனது. இந்த வெயிலுக்கு நல்லாக் காஞ்சு போச்சு. அந்தக் கம்பி எங்கனயாச்சும் உரசி ஒரு பொறி...

— சொல்லாதீக. பன்னெண்டு வருசம் திரி கட்டுனவளுக்கு நீங்க சொல்லித் தர வேண்டாம்.

— அப்பக் கேளு. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாச்சு. சைரன் போடாம வாங்கன்னும் சொல்லியிருக்கு. அந்த டிரைவர் கேப்பானோ மாட்டானோ. சத்தம் கேட்டு உன் கிடா மிரண்டு துள்ளுச்சுன்னா முடிஞ்சது. வண்டி வெம்பக்கோட்டையில இருந்து வந்து சேர்றதுக்குள்ள இதை வெளிய கொண்டாரணும்.

— தண்ணி அடிச்சு மருந்த நனைச்சு... இல்ல, வேண்டாம். அலுமினியப் பொடி கலந்திருக்கும்.

— கலந்துதான் இருக்கு. தண்ணி பட்டா அதுவே சூடேறும். பதறாம யோசி. மொதல்ல உன்கிட்ட இருக்கிற இரும்பையெல்லாம் கழட்டு. கொண்டை ஊசி, சேலையில குத்துன ஊக்கு, அந்த இடுப்புச் சாவி. எல்லாத்தையும் இந்த வாட்ச்மேன் ரூம் டப்பாவுல போடு.

— இந்தாங்க ஊசி ரெண்டு. இந்தா ஊக்கு. இது ஆட்டுப்பட்டிச் சாவி, பத்திரம். டப்பாவைத் தொறங்க, நானே போட்டுக்கிடுதேன்.

— வேண்டாம், வேண்டாம். என் கையில குடு. நான் போட்டுக்கிடுதேன்.

— ஏன், அதுல தங்கமா வச்சிருக்கீக?

— வேலைக்கு வந்த பொம்பளைக சாமான் கெடக்கு, தாயி. ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். அதான்.

— என்னமோ போங்க. சங்கிலி போட்டது என் தப்புதான். ஆனா கட்டிப்போடு, கட்டிப்போடுன்னு மூணு தடவை ஆள் விட்டது நீங்கதான?

— கயித்துல கட்டச் சொன்னேன். இரும்புல கட்டுன்னு நானா சொன்னேன்? பன்னெண்டு வருசம் வெடியாபீசு சோறு தின்னவ, கம்பெனிப் பக்கமே ஓடி வாற கிடாய்க்கு இரும்பு மாட்டலாமா?

— நாலு கயிறு வாங்குனேன்ணே. நாலையும் அத்துட்டான். தேங்கா நாரு, நைலானு, ஒண்ணையும் விட்டு வைக்கல. ரெண்டு மாசமாத்தான் இந்தக் கிறுக்கு. அதுக்கு முந்தி கட்டாமலே நிழல் மாதிரி பட்டியிலயே கெடப்பான். இப்ப விடிஞ்சு ஒரு நாழி ஆகக் கூடாது, மூக்கத் தூக்கிக்கிட்டு உங்க வேலிக்கு ஓட்டம். உள்ள என்ன அகத்திக்கீரையா வளக்கீக?

— ஆட்டுக்கு என்ன தெரியும், எங்கனயும் ஓடும்.

— என்ன, பேச்சு ஒரு மாதிரி இருக்கு?

— ஒண்ணுமில்ல. எப்படிக் கூப்பிட்டா வரும், அதைச் சொல்லு.

— நெத்துச் சத்தத்துக்கு வருவான். வேலிக்கருவை நெத்து. இந்தா, டின்னுல போட்டுக் கொண்டாந்திருக்கேன். இதை ஒரு குலுக்குக் குலுக்குனா பதினாலு பொட்டையும் இவனும் எங்க மேஞ்சாலும் ஓடியாந்துரும்.

— டின்னு வெளியவே இருக்கட்டும். இங்கன நின்னு மெதுவாக் குலுக்கு. வந்தா நடந்து வரணும். ஓடி வந்துரக் கூடாது.

— ஏலே தாசில்தாரு... வாலே... இந்தா நெத்து... வா, என் தங்கம்...

— தாசில்தாரா?

— எம் மக வச்ச பேரு. குட்டியா இருக்கையிலயே ஊர்க்காட்டுல ஒரு வரப்பு விடாம ஏறி இறங்கிப் பாத்துட்டு வருவான். சர்வே பண்ண வந்த தாசில்தாருன்னு சொல்லுவா.

— சரியான பேருதான். இந்தக் கம்பெனிக்குச் சொல்லாமக் கொள்ளாம ஆய்வுக்கு வந்த மொத ஆபீசரு இவருதான். திரும்புது பாரு. காத ஆட்டுது.

— ஆட்டுதான், ஆனா வரலையே. திரும்பவும் அந்தப் பக்கமே மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். நெத்துச் சத்தம் கேட்டு வராதவன் இல்லண்ணே இவன். அங்கன என்னத்த அப்படி வெறிக்கான்? அது எத்தனாம் நம்பர் ரூமு?

— ஆறு.

— ஆறாம் நம்பர் கதவு மட்டும் ஏன் சாத்தியிருக்கு? வேலை நேரத்துல கதவச் சாத்தக் கூடாதுன்னு அந்தக் காலத்துல என்னைய எத்தன வைதிருக்கீக?

— அது... மருந்து காத்துல பறக்கக் கூடாதுன்னு.

— இன்னைக்கு ஏது காத்து? ஒரு எல அசையல. எல்லாரும் வெளிய வந்துட்டாகல்ல?

— வந்துட்டாக.

— எண்ணிப் பாத்தீகளா?

— கிடாயக் கவனி, முத்துப்பேச்சி! வேற என்ன செஞ்சா வரும்?

— கோவப்படாதீகண்ணே. இது தாயில்லாக் குட்டி. முந்துன வருசம் ஐப்பசி மழையில தாயாடு செத்துப் போச்சு. எம் மக புட்டியில பால் குடுத்து, தன் பாயிலயே போட்டு வளத்தா. அவ குரலக் கேட்டா ஒறங்குறவன் எந்திரிச்சு வருவான். நான் சோறு போடுறவ, அம்புட்டுத்தான். அவதான் ஆத்தா.

— அப்படியா.

— அவ இப்பச் சாத்தூர்ல காலேசுல இருக்கா. போன் போட்டு அவ குரலக் கேக்க வச்சுட்டா...

— போனை எடுக்காத!

— கேட்டுக்கு வெளியதான நிக்கேன்? அந்த வாட்ச்மேன் ரூமுல நீங்களே போன்ல பேசிப் பாத்திருக்கேனே. போட்டுப் பேசச் சொல்லி, சத்தத்தக் கூட்டி வச்சா...

— வகுப்பு நடக்கிற நேரம். எடுக்க மாட்டா. வேண்டாம், தாயி. நான் சொல்றதக் கேளு.

— என் போனு எடுப்பா. ஒத்தப் பொம்பளையா காட்டுல கெடக்கேன்னு எந்நேரமும் எடுப்பா. இந்தா, அடிக்கிது.

— முத்துப்பேச்சி...

— அண்ணே, குட்டி கத்துது. கேக்குதா? எங்கனயோ ஆட்டுக்குட்டி கத்துது.

— போன அமத்து, தாயி. மொதல்ல அத அமத்து.

— உங்க டப்பாவுக்குள்ள இருந்துல்ல கத்துது?

— முத்துப்பேச்சி, கொஞ்சம் உக்காரு.

— இது தாசில்தாரு குட்டியில கத்துன சத்தம். அவ பதிஞ்சு, போனுக்கு மணியா வச்சிருக்கா. அவ போனு உங்க டப்பாவுல எப்படி வந்துச்சு?

— கத்தாத. கும்புட்டுக் கேக்கேன், கத்தாத. கிடா மிரண்டுரும்.

— நான் கத்தலண்ணே. எனக்குக் கத்தக்கூட வழியில்லாமப் பண்ணிட்டீகளே. அந்த ஆறாம் நம்பர் ரூமுக்குள்ள எம் மகளா இருக்கா?

— இருக்கா.

— இசைவாணியா?

— ஆமா. மத்த எல்லாரும் ஓடியாந்துட்டாக. இது நேரா அவ வாசல்ல வந்து நின்னுக்கிச்சு. அவ கதவத் தொறந்தா மேல தாவும், சங்கிலி சுழண்டு மேடையில அடிக்கும். அதான் கதவச் சாத்திட்டு மூச்சு விடாம இருன்னு சொன்னேன். அதுக்குள்ள நீ வந்துட்ட. அம்மா வந்தாலும் சொல்லாதீகன்னு முன்னயே உள்ள இருந்து அழுதா.

— அவ அப்பன எந்த வெடியாபீசுல இருந்து தூக்கிட்டு வந்தோம், எப்படித் தூக்கிட்டு வந்தோம், உங்களுக்குத் தெரியாதா? வேற கம்பெனிதான், ஆனா மொத ஆளா ஓடியாந்தது நீங்கதானண்ணே? சாக்குல கட்டித்தான தந்தாக வேலுச்சாமிய? இனிமே என் வீட்டு ஆளு மருந்தத் தொடாதுன்னு அன்னைக்கு உங்க முன்னாடித்தான சொன்னேன்?

— சொன்ன. வேண்டாம்னுதான் நானும் சொன்னேன். நீங்க சேக்கலேன்னா நாரணாபுரத்துல வேற எடத்துல சேருவேன்னா. லைசென்சு இல்லாத எடமாக் கூடப் பாத்து வச்சிருந்தா. அதுக்கு என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு நெனச்சேன். காலேசு திங்க, செவ்வா, வெள்ளி மட்டுந்தானாம். மத்த மூணு நாளும் காலேசுன்னு உன்கிட்டச் சொல்லிட்டு இங்கன. ரெண்டு மாசமாச்சு.

— ரெண்டு மாசம்! அந்த வாயில்லாச் சீவன் ரெண்டு மாசமா ஓடி ஓடி வந்து சொல்லியிருக்கு. நான் அதுக்குச் சங்கிலி வாங்கிப் போட்டிருக்கேன்.

— எங்க போற? நில்லு!

— வழி விடுங்க. நான் போயிச் சங்கிலிய அவுக்கேன்.

— உனக்கு நிக்காது, தாயி. கிட்டப் போனா ஒதுங்கி ஓடும். மேடையில முட்டும்.

— எனக்கு நிக்காது. அவளுக்கு நிக்கும். அவள உள்ள இருந்து பேசிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. கதவத் தொறக்காம, பேச மட்டும் செய்யட்டும்.

— சங்கிலி எதுல மாட்டியிருக்கு? கொக்கியா?

— கழுத்துல நார்க்கயிறு. அதுல முடிச்சுப் போட்டுத்தான் கோத்திருக்கேன். கத்தி ஆகாதுல்ல, பல்லாலயே அவுத்துக்கிடுதேன்.

— சரி. செருப்பக் கழட்டிட்டு நடு வழியாப் போ. முந்தானைய இறுக்கிச் சொருகு, மேடையில பட்டுரக் கூடாது. கிட்டப் போனதும் மொதல்ல முளைக்கம்பியக் கையில தூக்கு, அப்புறம் முடிச்சு. ஏ புள்ள இசைவாணி! கேக்குதா? உங்கம்மா உள்ள வாறா. நீ கிடாகிட்டப் பேசு. கதவத் தொட்டுராத.

— அம்மாவா? மாமா, அம்மாகிட்டச் சொல்லிட்டீகளா?

— நீ வச்ச மணிதான் சொல்லிருச்சு. அதெல்லாம் அப்புறம். பேசு புள்ள.

— ஏலே... தாசில்தாரு... என் செல்லம்ல... அங்கனயே நில்லுலே. என்னலே இப்படி மூச்சு வாங்குது, ஓடியாந்தியா? தாகமா இருக்கா? சாயங்காலம் வந்து கஞ்சித்தண்ணி வைக்கேன்...

— நிக்கிறான். காது ரெண்டையும் கதவுல வச்சுக் கேக்கான். பேசிக்கிட்டே இரு, புள்ள.

— அம்மா, கிட்ட வந்துட்டியா?

— என்கிட்டப் பேசாத. அவன்கிட்டப் பேசு.

— சரிம்மா. லே, அசையாத. மூக்க இடுக்குல வச்சு மோந்துக்க, நான்தான் இருக்கேன். அன்னைக்கு மழையில என் பாவாடையில ஒண்ணுக்குப் போனல்ல? அது மாதிரி இன்னைக்கு எதுவும் பண்ணிராத, ராசா. இங்கன உள்ளவுகளுக்கு உன்னையத் தெரியாது...

— முத்துப்பேச்சி, இடது கைப்பக்கம் ஒதுங்கு. சேலை ஓரம் தட்டோட ஒட்டுது. ம், இப்பக் குனி. கம்பியத் தூக்கு. மெல்ல.

— தூக்கிட்டேண்ணே. மடியில போட்டுக்கிட்டேன்.

— நல்லது. முடிச்சப் பாரு. அய்யய்யோ!

— என்னண்ணே?

— நாரணாபுரம் ரோட்டுல சைரன் கேக்குது. பாவி, போட்டுட்டுத்தான் வாறான்.

— அம்மா, அவன் துள்ளுறான்! கால் மாத்தி நிக்கிறது உள்ள கேக்குது!

— பேசுடி! இன்னும் ஒரு பிரிதான் இருக்கு, பல்லுக்கு வரமாட்டேங்குது. நீ அவன ஒறங்க வைக்கையில என்னமோ சொல்லுவியே, அதச் சொல்லு!

— ஒண்ணு... ரெண்டு... மூணு... இது செவலைக் குட்டி... நாலு... அஞ்சு... இது கழுத்துல பொட்டு வச்சது... ஆறு... இது நொண்டிக் காலி... ஏழு... எட்டு... இது யாரு... இது என் தாசில்தாரு...

— அவுந்துருச்சு!

— சங்கிலிய மடியில சுருட்டு. ஒரு கண்ணி கீழ விழக் கூடாது. சுருட்டிட்டியா? இப்பக் கைய அவன் தாடையில குடுத்து மெதுவாத் திருப்பு.

— வரமாட்டேங்கான்ணே. காலை ஊனிக்கிட்டு நிக்கான். அவள விட்டுட்டு வரமாட்டான்.

— ஏ புள்ள, இனிப் பயமில்ல. கதவத் தொற. மெல்ல. வெளிய வந்து முன்னாடி நட. அவன் உன் பின்னாலயே வரட்டும். முத்துப்பேச்சி, நீ கடைசியா வா.

— அம்மா...

— நட. வாயத் தொறக்காம நட.

— அப்படித்தான். ஓடாத புள்ள. நடு வழி. இன்னும் பத்து எட்டு. அஞ்சு. வா, வா... கேட்டுக்கு வெளிய, அந்த மஞ்சணத்தி நிழலுக்குக் கொண்டு போங்க. முனியாண்டி சாமி, காப்பாத்திட்ட! ஏ வாட்ச்மேன், ஓடிப் போயி ரோட்டுல வண்டிய நிறுத்துய்யா! அந்தக் கத்துற சனியன அமத்தச் சொல்லு!

— இந்தாங்கண்ணே, இந்தச் சங்கிலி. கெணத்துல போடுங்க. அடியே, உன் மூஞ்சிய நிமித்து. என்ன இது, காதோரமெல்லாம் வெள்ளிப் பொடி?

— அடிக்கணும்னா அடிச்சுரும்மா. இப்படிப் பாக்காத.

— அடிக்கிற கையா இது? முளைக்கம்பி சுட்டுக் கன்னிப் போச்சு. பல்லு ஈறெல்லாம் நாரு கிழிச்சுக் கெடக்கு. ஏன்டி செஞ்ச?

— பரீட்சைக்குப் பணம் கட்டணும்னு சொன்னப்ப நீ என்ன சொன்ன? கிடாய ராசபாளையத்துக் கறிக்கடைக்குத் தள்ளிவிட்டுருவோம்னு சொன்ன.

— சொன்னேன். ஒரு கிடாதான? உன் படிப்பு பெருசா, அவன் பெருசா?

— இந்தச் சுத்துப்பட்டியில ஒடம்பெல்லாம் பொட்டு உள்ள நம்ம மண்ணுச் சாதியில, கலப்பில்லாத பொட்டாட்டுக் கிடா இவன் ஒருத்தன்தான்ம்மா. இவன் போனா நம்ம பதினாலு பொட்டைக்கும் வெளியூர்க் கிடா சேரும். அந்தக் குட்டிக இந்த வெயிலுக்கும் இந்தக் காஞ்ச கோரைக்கும் தாங்காது. போன தடவை அப்படிப் பொறந்த மூணு குட்டியும் செத்துச்சா இல்லையா? இவன வித்து இந்தப் பரீட்சை எழுதிருவேன். அடுத்த பரீட்சைக்கு எதை விப்ப? பொட்டைகளையா? அதுக்கடுத்து அந்த ரெண்டு குறுக்கம் நெலத்தையா?

— அதுக்காக உங்கப்பன் போன வழியில...

— மூணு நாளுதானம்மா. படிப்பு முடிய ஒரு வருசம்தான். முடிஞ்சதும் விட்டுருவேன்னு இருந்தேன்.

— உங்கப்பனும் அந்தச் சீசனோட விட்டுருவேன்னுதான் சொன்னாரு.

— இனிமே வரல. போதுமா? காலேசும் வேண்டாம். ஆட்டையே மேய்க்கேன்.

— வாய மூடு. கழுத, எது கெட்டாலும் படிப்பு நிக்கக் கூடாது. இன்னொரு தடவை அந்தச் சொல்லச் சொன்ன, அப்பத்தான் அடிப்பேன்.

— முத்துப்பேச்சி, போதும் விடு. புள்ள பயந்து போயிருக்கு. ஏ புள்ள, குட்டி கத்துற உன் போனு இந்தா. தாயி, உன் சாமானையும் எடுத்துட்டு வீட்டுக்குப் போயிச் சேருங்க. ஊசி, ஊக்கு, சாவி, போட்டது போட்டபடி இருக்கு.

— பட்டிச் சாவிய அவ கையில குடுங்கண்ணே. காலேசு இல்லாத மூணு நாளும் ஆட்டைத் தொறந்து பத்திக்கிட்டுப் போறது இனிமே அவ சோலி.

— சரி. இந்தா புள்ள, சாவி. ஊசியும் ஊக்கும் நீ எடுத்துக்க, தாயி.

— அது டப்பாவுலயே கெடக்கட்டும்ணே. நாளைக்கு ஆறாம் நம்பர் ரூமுக்கு அவ வரமாட்டா, நான் வாரேன்.